ரொம்ப நாள் நின்னு போன பெட்ரோல் ஜீப்புக்கு கார்பரேட்டர் ட்யூனிங், அதுவும் நம்ம நீலகிரி மலையில வெச்சே

முதல்லயே சொல்லிடறேன், இது பெட்ரோல் வண்டிக்கு மட்டும்தாங்க. கார்பரேட்டர்னா பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற பாகம். டீசல் லாரிக்கு கார்பரேட்டரே கிடையாது, அதுக்கு இருக்கிறது இன்ஜெக்டர் பம்ப், அது வேற கதை. நான் சொல்றது எஸ்டேட் ஷெட்லயும் ஹட்டி (படுகர் ஊர்) வீட்டு ஓரத்துலயும் தார்ப்பாய் போட்டு நிக்குதே அந்த பழைய பெட்ரோல் ஜீப், இலை லோடு கேரட் லோடு ஏத்தறதுக்கு பின்னாடி பாடி கட்டின ஜீப், கார்பரேட்டர் காலத்து ஜிப்ஸி, அந்த மாதிரி வண்டிங்க. இந்த ஜீப்புங்கள்ல நிறைய வண்டிக்கு பெட்ரோல் இன்ஜினை கழட்டி கடாசிட்டு டீசல் மாத்திட்டாங்க, அதனால ஒரிஜினல் பெட்ரோல் இன்ஜினோட ஒண்ணு உங்க கையில இருந்தா தயவுசெஞ்சு அதை ஸ்கிராப்புக்கு போட்டுடாதீங்க. பெரும்பாலும் அது செத்துப்போன இன்ஜின் இல்ல, அடைச்சுப்போன இன்ஜின்.

நின்ன வண்டி ஸ்டார்ட் ஆகி தத்திதத்தி ஓடுச்சுன்னா எல்லாரும் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துகிட்டு கார்பரேட்டர்ல இருக்கிற ஸ்க்ரூவை திருக ஆரம்பிச்சிடறாங்க. வேண்டாம். அந்த ஸ்க்ரூ கடைசி வேலை. பெட்ரோல் சரியா வரணும், கரண்ட் சரியா வரணும், காத்து வேற எந்த ஓட்டை வழியாவும் போகக்கூடாது, கார்பரேட்டர் உள்ள சுத்தமா இருக்கணும், இன்ஜின் நல்லா சூடாகணும், இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் ஸ்க்ரூ. இன்னொண்ணு, வண்டி எந்த உயரத்துல ஓடப்போகுதோ அங்கதான் ட்யூன் பண்ணணும். மேட்டுப்பாளையத்துல செட் பண்ணி ஊட்டிக்கு கொண்டு வந்தா அது ஊட்டிக்கு செட் பண்ணினதா ஆகாது, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

செல்ஃப் அடிக்கிறதுக்கு முன்னாடி நாலு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊத்தி ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் கியரை நியூட்ரல்ல போட்டு ஹேண்டில் வெச்சு கையால சுத்திப் பாருங்க, இறுக்கமா இருந்தா பலவந்தம் பண்ணாதீங்க, இன்னும் ஒரு நாள் ஊறட்டும். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்க. லெவல் இருக்கவேண்டியதை விட மேல இருந்து பெட்ரோல் வாசனை அடிச்சா ஏசி பம்ப் (டேங்க்ல இருந்து பெட்ரோல் இழுக்கிற பம்ப்) டயஃப்ரம் கிழிஞ்சு பெட்ரோல் சம்புக்குள்ள (இன்ஜின் அடியில ஆயில் நிக்கிற தொட்டி) இறங்கியிருக்குன்னு அர்த்தம், அந்த ஆயிலோட இன்ஜினை ஓட்டவே கூடாது, பேரிங் போயிடும். பம்ப் டயஃப்ரமும் ஆயிலும் மாத்திட்டு அப்புறம் பாருங்க.

ஏர் கிளீனரை திறங்க. பழைய ஜீப்ல ஆயில் பாத் டைப் இருக்கும், கீழ ஒரு கிண்ணத்துல ஆயில் நிக்கும், நம்ம ஊர் ஈரத்துல அது தண்ணி கலந்து களிம்பாயிருக்கும், இல்லைன்னா எலி கூடு கட்டியிருக்கும். கழுவி புது ஆயில் கோடு வரைக்கும் ஊத்துங்க. சைலன்சர் வாய்லயும் குச்சி விட்டுப் பாருங்க, குளவி மண்ணு வெச்சு அடைச்சிருக்கும். டேங்க் மூடியில சின்னதா ஒரு காத்து ஓட்டை இருக்கும், அது அடைச்சிருந்தா வண்டி கொஞ்ச தூரம் நல்லா ஓடி அப்புறம் பெட்ரோல் இழுக்காம நின்னு போகும், எல்லாரும் கார்பரேட்டரை திட்டுவாங்க.

இப்ப பெட்ரோல். டேங்க்ல இருக்கிறதை கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு வெளிச்சத்துல வைங்க. நல்ல பெட்ரோலா இருந்தா தெளிவா இருக்கும். பழசுன்னா டீ கலர்ல வார்னிஷ் வாசனை அடிக்கும். கீழ தனியா ஒரு அடுக்கு பிரிஞ்சு நின்னா அது எத்தனாலும் தண்ணியும் சேர்ந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஒரு அளவுக்கு மேல தண்ணி சேர்ந்தா பெட்ரோலை விட்டு பிரிஞ்சு அடியில உக்காந்துக்கும், டேங்க்ல பெட்ரோல் எடுக்கிற குழாயும் அடியிலதான இருக்கு, அதனால இன்ஜினுக்கு முதல்ல போறதே அந்த தண்ணிதான். 2023 பிப்ரவரியில 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனையை தொடங்கி வெச்சாங்க, இப்ப பங்க்ல பொதுவா கிடைக்கிறது அதுதான். ஆறு மாசம் மழையும் மஞ்சுமா இருக்கிற ஊர்ல பாதி டேங்கோட வண்டியை நிறுத்தி வெச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. மொத்தத்தையும் வடிச்சிடுங்க. வடிச்சதை தயவுசெஞ்சு ஓடைப்பக்கமோ தேயிலைக்குள்ளயோ ஊத்தாதீங்க, கீழ இருக்கிற ஊருக்கு அதுதான் குடிதண்ணி. கேன்ல பிடிச்சு வேஸ்ட் ஆயில் எடுக்கிற ஒர்க்‌ஷாப்ல குடுத்துடுங்க.

டேங்க் உள்ள டார்ச் அடிச்சு பாருங்க (டார்ச் மட்டும், தீப்பெட்டி லைட்டர் எதுவும் பக்கத்துல வரக்கூடாது, காலி டேங்க்ல நிக்கிற ஆவிதான் இன்னும் ஆபத்து). துரு இருந்தா டேங்கை இறக்கி சுத்தம் பண்ணித்தான் ஆகணும், இல்லைன்னா நீங்க எத்தனை தடவை கார்பரேட்டரை கழுவினாலும் அடுத்த வாரம் மறுபடி அடைக்கும். பம்புக்கு முன்னாடி ஒரு சின்ன ஃபில்டர் போடுங்க, கண்ணுக்கு தெரியற டைப்பா இருந்தா நல்லது. ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் மாத்திடுங்க, எத்தனாலுக்கு தாங்கும்னு போட்டிருக்கிறதா பாத்து வாங்குங்க, பழைய ரப்பர் உப்பி உள்பக்கம் தூள்தூளா உதிரும், அந்த தூள் நேரா ஜெட்டுக்குத்தான் (கார்பரேட்டர் உள்ள பெட்ரோலை அளந்து விடற சின்ன ஓட்டை வெச்ச பித்தளை துண்டு) போகும்.

கரண்ட் சைடை சுருக்கமா சொல்லிடறேன். டெல்கோ (பிளக்குங்களுக்கு கரண்டை பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர்) கேப்பை கழட்டி உள்ள ஈரம், விரிசல், கார்பன் கோடு இருக்கான்னு பாருங்க. அதுக்குள்ள கரண்டை விட்டு விட்டு துண்டிக்கிற பாயிண்ட், நின்ன வண்டியில பூத்திருக்கும், மெல்லிசா அரம் போட்டு தேய்ச்சு சுத்தமான பேப்பரை நடுவுல விட்டு இழுத்து துடைங்க. பழைய எஃப் ஹெட் (ஒரு வால்வு ஹெட்லயும் இன்னொண்ணு பிளாக்லயும் இருக்கிற டைப்) ஜீப் இன்ஜினுக்கு பாயிண்ட் கேப் 0.020 இஞ்ச், அதாவது அரை மில்லிமீட்டர், பிளக் கேப் 0.030 இஞ்ச், ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டருங்க எரியற வரிசை) 1-3-4-2. வேற இன்ஜினா இருந்தா அந்த வண்டியோட புக்ல பாத்து வைங்க. டைமிங்கும் (பிளக் பொறி விடற நேரம்) டாப்பெட்டும் (வால்வு இடைவெளி) இப்பவே பாத்துடுங்க. டாப்பெட் டைட்டா இருந்தா ஐட்லிங்ல மிஸ்ஸிங் அடிக்கும், அதை எந்த ஸ்க்ரூவாலயும் சரி பண்ண முடியாது.

சரி, இனி கார்பரேட்டர். பேட்டரி வயரை கழட்டிட்டு ஆரம்பிங்க. கழட்டறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க, எந்த லிங்க் எந்த ஓட்டையில, எந்த ஸ்பிரிங் எங்கன்னு. வெள்ளைத்துணி விரிச்ச தட்டுல வெச்சு பிரிங்க, அதுக்குள்ள இருக்கிற சின்ன ஸ்டீல் பால் எல்லாம் தெறிச்சா கிடைக்காது. மிக்சர் ஸ்க்ரூவை (ஐட்லிங்ல பெட்ரோல் கலவையை கூட்டிக் குறைக்கிறது, நம்ம மெக்கானிக்குங்க ஏர் ஸ்க்ரூன்னு சொல்வாங்க) எடுக்கிறதுக்கு முன்னாடி, எத்தனை சுத்து உள்ள போய் உக்காருதுன்னு எண்ணி எழுதி வைங்க. உக்காரும்போது விரல் பலம் மட்டும்தான், இறுக்கினா அதோட ஊசி முனையில வளையம் விழுந்திடும், அப்புறம் அந்த ஸ்க்ரூ எப்பவுமே சரியா செட் ஆகாது.

ஃப்ளோட் சேம்பரை (கார்பரேட்டர்ல பெட்ரோல் தேங்கற கிண்ணம், உள்ள ஃப்ளோட்னு ஒரு மிதவை இருக்கும்) திறந்தா அடியில பச்சையாவோ பழுப்பாவோ பிசின் மாதிரி ஒட்டியிருக்கும், சில நேரம் வெள்ளைப் பொடி இருக்கும். பிசின் காய்ஞ்ச பெட்ரோல், வெள்ளைப் பொடி தண்ணியால உலோகம் அரிச்சது. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே வாங்கிக்கோங்க, கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கோங்க, ஒரு ஓட்டையில அடிச்சா இன்னொரு ஓட்டை வழியா நேரா முகத்துக்கு வரும். ரப்பரும் டயஃப்ரமும் முதல்ல வெளிய எடுத்துடணும், ஸ்ப்ரே பட்டா வீங்கிடும். மெயின் ஜெட், பைலட் ஜெட் (ஐட்லிங்குக்கு பெட்ரோல் விடறது), ஏர் ஜெட், எமல்ஷன் டியூப் எல்லாத்தையும் கழட்டி ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு பாருங்க, ஓட்டை முழு வட்டமா தெரியணும். கம்பி விட்டு குத்தாதீங்க. ஜெட் பித்தளை, கம்பி ஸ்டீல், ஒரு தடவை விட்டு ஆட்டினாலே ஓட்டை பெருசாகிடும், அப்புறம் பெட்ரோல் அதிகமா குடிச்சுகிட்டே இருக்கும், காரணமும் தெரியாது. தூண்டில் நரம்பு விடலாம், அது போதும். பாடிக்குள்ள போற ஓட்டைங்களுக்கு பஞ்சர் கடைக்கு எடுத்துட்டு போய் கம்ப்ரஸர்ல காத்து அடிங்க, ஒவ்வொரு வழியிலயும் காத்து மறுபக்கம் வர்றதை விரல்ல உணரணும். நின்ன வண்டியில முக்காவாசி நேரம் அடைச்சிருக்கிறது பைலட் ஜெட்தான், இருக்கிறதுலயே அதோட ஓட்டைதான் சின்னது. ஆக்சிலேட்டர் மிதிச்சுகிட்டே இருந்தா ஓடுது, காலை எடுத்தா ஆஃப் ஆகுதுன்னா அங்கதான் பாக்கணும்.

பித்தளை ஃப்ளோட்டை காதுகிட்ட வெச்சு ஆட்டிப்பாருங்க, உள்ள பெட்ரோல் சலசலத்தா ஓட்டை. சந்தேகமா இருந்தா சுடுதண்ணியில அமுக்குங்க, குமிழி வர்ற இடம்தான் ஓட்டை. ஈயம் வெச்சு அடைக்கலாம், ஆனா ஈயம் எடையை கூட்டும், லெவல் மாறும், புது ஃப்ளோட் கிடைச்சா அதையே போடுங்க. நீடிலும் சீட்டும் (ஃப்ளோட் மேல வந்ததும் பெட்ரோலை நிறுத்தற ஊசியும் அது உக்கார்ற இடமும்) கண்டிப்பா புதுசு போடணும், ரிப்பேர் கிட்லயே வரும், கோயமுத்தூர் ஸ்பேர்ஸ் கடைங்கள்ல கேட்டா கிடைக்கும். வாங்க போகும்போது கார்பரேட்டர் மேல அடிச்சிருக்கிற நம்பரை எழுதிட்டு போங்க, ஜீப்புக்கு வேணும்னு மட்டும் சொன்னா ஏதோ ஒண்ணை குடுத்துடுவாங்க. மாட்டினதும் மேல் மூடியை கவிழ்த்துப் பிடிச்சு பெட்ரோல் வர்ற குழாய்ல வாய் வெச்சு ஊதுங்க, ஃப்ளோட்டோட எடையிலயே காத்து நிக்கணும். அந்த குழாயை மட்டும் முதல்ல நல்லா துடைச்சுக்கோங்க.

த்ராட்டில் (ஆக்சிலேட்டர் மிதிச்சா திறக்கற தட்டு) ஷாஃப்டை பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க. பழைய வண்டியில இங்க ஆட்டம் இருக்கும், அந்த இடைவெளி வழியா கணக்குல வராத காத்து உள்ள போகும். கொஞ்சம் ஆட்டம்னா ஓட்டிக்கலாம், நிறையன்னா லேத்ல புஷ் போடணும். இதை கண்டுக்காம ட்யூன் பண்ணி பண்ணி வெறுத்துப்போனவங்க நிறைய பேர். அடி கேஸ்கட் எல்லாம் புதுசு போட்டு போல்ட்டை ஒரே சைடா இறுக்காம மாத்தி மாத்தி இறுக்குங்க, இல்லைன்னா ஃபிளேஞ்ச் வளைஞ்சிடும்.

மாட்டியாச்சா, மிக்சர் ஸ்க்ரூவை மெதுவா உக்கார வெச்சு ஒண்ணரை சுத்து வெளிய எடுங்க, ஆரம்பத்துக்கு இது போதும். ஏசி பம்ப் அடியில கையால அடிக்கிற லீவர் இருந்தா அதை அடிச்சு சேம்பரை நிரப்புங்க, பேட்டரி மிச்சம். ஏர் கிளீனரை கழட்டிட்டு கார்பரேட்டர் வாய்க்குள்ள பெட்ரோல் ஊத்தி செல்ஃப் அடிக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம், ஒரு பேக்ஃபயர் போதும், முடி புருவம் மட்டும் இல்ல வண்டியே போகும். பக்கத்துல ஒரு வாளி மணல் இருக்கட்டும். அப்புறம் ஷெட் கதவு. நம்ம ஊர் குளிருக்கும் மஞ்சுக்கும் கதவை சாத்திட்டு உள்ள வண்டியை ஓட விடறது வழக்கமா இருக்கு, கார்பரேட்டர் வண்டி புகையில கார்பன் மோனாக்சைடு ரொம்ப அதிகம், அதுக்கு கலரும் இல்ல வாசனையும் இல்ல, ஆளை தூங்க வெச்சே கொன்னுடும். வண்டியை வெளிய தள்ளி வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க.

ஸ்டார்ட் ஆனதும் ஊத்தின ஆயில் எரிஞ்சு வெள்ளையா புகை வரும், பயப்படாதீங்க, அடங்கிடும். ஆயில் பிரஷர் வந்துதான்னு பாருங்க. இன்ஜின் முழுசா சூடாகற வரைக்கும் ஸ்க்ரூவை தொடாதீங்க, சோக்கு முழுசா உள்ள போயிருக்கணும். கீழ ஊர்ல ஓவர்ஹீட் ஆகுதுன்னு தெர்மோஸ்டாட்டை கழட்டி போட்ட வண்டிங்க நிறைய இங்க வந்திருக்கு, அது குளிர்ல கடைசி வரைக்கும் சூடே ஆகாது, சூடாகாத இன்ஜினுக்கு பண்ற ட்யூனிங் எல்லாம் வீண். தெர்மோஸ்டாட்டை திரும்ப மாட்டுங்க.

இப்பதான் ஸ்க்ரூ டிரைவர். ரெண்டு ஸ்க்ரூ இருக்கு, ஒண்ணு ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூ, த்ராட்டிலை எவ்வளவு திறந்து வெக்கணும்னு அது முடிவு பண்ணும், இன்னொண்ணு மிக்சர் ஸ்க்ரூ. முதல்ல ஸ்லோ ஸ்பீடுல நிக்காம ஓடற அளவுக்கு வெச்சுக்கோங்க. அப்புறம் மிக்சரை கால் சுத்தா உள்ள திருகிட்டே வாங்க, ஒவ்வொரு தடவையும் பத்து வினாடி பொறுத்து காதுல கேளுங்க, ஒரு இடத்துல இன்ஜின் குலுங்கி ஸ்பீடு இறங்கும், அது பெட்ரோல் குறைஞ்ச எல்லை. அங்கிருந்து வெளிய வாங்க, ஸ்பீடு ஏறி ஒரு இடத்துல ரொம்ப சீரா ஓடும், இன்னும் வெளிய போனா மறுபடி தொய்வா டப் டப்னு சைலன்சர்ல கேக்கும், அது பெட்ரோல் அதிகமான எல்லை. நடுவுல அதிகபட்ச ஸ்பீடு கிடைச்ச இடத்துல நிறுத்தி, அங்கிருந்து ரொம்ப லேசா உள்ள பக்கம், அரைக்கால் சுத்து. ஸ்பீடு ஏறியிருந்தா ஸ்லோ ஸ்பீடை குறைச்சுட்டு மறுபடி மிக்சரை ஒரு தடவை பாருங்க, ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு மாறும். ஜீப்புக்கு 600, 700 ஆர்பிஎம் சரி. நான் சொன்ன திசை, அடிப்பக்கம் த்ராட்டில்கிட்ட இருக்கிற ஸ்க்ரூவுக்கு, அதுல வெளிய எடுத்தா பெட்ரோல் கூடும், சில கார்பரேட்டர்ல நிஜமாவே காத்தை கட்டுப்படுத்தற ஸ்க்ரூ மேல இருக்கும், அங்க எல்லாம் தலைகீழ்.

ஸ்க்ரூவை எந்த பக்கம் திருகினாலும் இன்ஜின் கண்டுக்கவே இல்லைன்னா நிறுத்துங்க. பைலட் வழி இன்னும் அடைச்சிருக்கு, இல்ல ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை ரொம்ப உள்ள ஏத்தி த்ராட்டில் திறந்தே கிடக்கு, இல்ல நீடில் நிக்காம சேம்பர் ஓவர்ஃப்ளோ ஆகுது. காத்து லீக்கான்னு பாக்க கேஸ்கட் ஓரத்துலயும் ஷாஃப்ட் ரெண்டு முனையிலயும் கிளீனரை ரொம்ப கொஞ்சமா அடிச்சுப் பாருங்க, இன்ஜின் சத்தம் மாறினா அங்கதான் லீக், ஆனா சூடான சைலன்சர் மேனிஃபோல்டு மேல படவே கூடாது.

வேக்குவம் கேஜ் (இன்ஜின் காத்தை இழுக்கிற பலத்தை பாதரச இஞ்ச்ல காட்டற மீட்டர்) வெச்சு பாக்கிறவங்க ஒண்ணை கவனிங்க. புக்ல 18, 20 இஞ்ச் வரணும்னு போட்டிருக்கும், அது கடல் மட்டத்துக்கு. ஆயிரம் அடிக்கு ஒரு இஞ்ச் குறையும். ஊட்டி 2,240 மீட்டர், ஏழாயிரம் அடிக்கு மேல, அங்க 12 இஞ்ச் காட்டினா இன்ஜின் நல்லா இருக்குன்னு அர்த்தம், பிஸ்டன் ரிங் போச்சுன்னு யாராவது சொன்னா இன்ஜினை பிரிக்க விட்டுடாதீங்க.

அதே காரணம்தான் பெட்ரோல்-காத்து கலவைக்கும். ஊட்டியில காத்தோட அடர்த்தி கீழ இருக்கிறதை விட சுமார் 20 சதவீதம் கம்மி, ஆனா கார்பரேட்டர் அந்த அளவுக்கு பெட்ரோலை குறைக்காது, பாதி அளவுதான் தானா குறையும். அதனால கீழ சரியா இருந்த வண்டி மேல சுமார் 10 சதவீதம் பெட்ரோல் அதிகமா குடிச்சு கருப்பு புகை விடும், பிளக் கரி பிடிக்கும். அந்தக் கணக்குப்படி மெயின் ஜெட் 120 (அது ஓட்டை அளவோட நம்பர்) இருந்தா 115 போடணும். ஆனா இப்ப எத்தனால் கலந்த பெட்ரோல் அதுக்கு எதிர்ப்பக்கம் இழுக்குது. எத்தனாலுக்கு காத்து கம்மியா போதும், அதாவது அதே அளவு காத்துக்கு பெட்ரோல் அதிகமா வேணும், 20 சதவீத கலப்புல சுமார் 8 சதவீதம். உயரம் கூட்டினதை எத்தனால் கிட்டத்தட்ட கழிச்சிடுது. அதனால என் கருத்து என்னன்னா, ஊட்டி குன்னூர் கோத்தகிரியிலேயே ஓடற வண்டிக்கு கம்பெனி போட்ட ஜெட்டையே விட்டுடுங்க, ஜெட் மாத்தற வேலை இப்ப தேவையில்ல. முன்னாடி யாராவது மலைக்குன்னு சின்ன ஜெட் போட்டிருந்தா அதை எடுத்துட்டு பழையபடி பெருசு போடுங்க, இல்லைன்னா ஏத்தத்துல பிக்கப்பே இருக்காது.

ஓட்டிப் பாக்கிறதுக்கு முன்னாடி பிரேக். நின்ன வண்டியில வீல் சிலிண்டர் கட்டாயம் பிடிச்சிருக்கும் இல்ல கசியும், அதை முடிக்காம ஒரு இறக்கத்துலயும் விடாதீங்க, கல்லட்டி 36 ஹேர்பின்னை பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க. முதல்ல சமமான ரோட்டுல, அப்புறம் ஒரு நல்ல ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல முழுசா மிதிச்சு ஏத்தி, மேல போய் உடனே ஆஃப் பண்ணி பிளக்கை கழட்டிப் பாருங்க. காப்பி கலர் இருந்தா நல்லது, கருப்பா மசி மாதிரி இருந்தா பெட்ரோல் அதிகம், வெளுத்துப்போய் இருந்தா கம்மி. திடீர்னு மிதிச்சா ஒரு நொடி தொண்டை அடைச்சு அப்புறம் எடுத்தா ஆக்சிலேட்டர் பம்ப் பெட்ரோல் பீச்சலை, உள்ள எட்டிப்பாத்தா தெரியும் (இன்ஜின் ஆஃப்ல). புகை டெஸ்ட் சென்டர்ல கூட்டம் இல்லாத நேரம் போய் கேட்டா மெஷின் குழாயை கொஞ்ச நேரம் சைலன்சர்லயே விட்டு வெப்பாங்க, அந்த காலத்து வண்டிக்கு ஐட்லிங்ல மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள்ள இருக்கணும், நம்பரை பாத்துகிட்டே மிக்சரை செட் பண்றதை விட நல்ல வழி கிடையாது.

ட்யூனிங் எல்லாம் சரியா இருந்தும் டிசம்பர் ஜனவரி மஞ்சுல ஓடிட்டு இருக்கும்போதே மெதுவா மூச்சடைச்சு நின்னு, அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுதா? கார்பரேட்டர் உள்ள ஐஸ் கட்டுது. பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும், காத்துல ஈரம் நிறைய இருந்தா 10 டிகிரியில கூட த்ராட்டில் ஓரத்துல பனி உறையும், நின்னதும் இன்ஜின் சூட்டுல உருகிடும். ஸ்க்ரூவை தொடாதீங்க. மேனிஃபோல்டு சூடு ஏத்தற வால்வு துருப்பிடிச்சு நின்னிருக்கான்னு பாருங்க, சூடான காத்து இழுக்கிற குழாய் இருந்த வண்டியா இருந்தா அதை திரும்ப மாட்டுங்க.

கீழ போறவங்களுக்கு. மேல செட் பண்ணின வண்டியை குன்னூர் வழியா மேட்டுப்பாளையம் இறக்கினா 300 மீட்டர் உயரத்துக்கு வந்துடும், காத்து கெட்டியாகும், அதே எத்தனால் பெட்ரோலோட இப்ப கலவையில பெட்ரோல் கம்மியாகிடும். ஐட்லிங் நடுங்கும், லோடு ஏத்தி மிதிச்சா இன்ஜின்ல கிலுகிலுன்னு தட்டற சத்தம் வரும். ஒரு நாள் வேலைக்கு போய்ட்டு வர்றதுன்னா மிக்சரை கால் சுத்து வெளிய எடுத்துட்டு நிதானமா ஓட்டினா போதும், ஆனா அந்த ஸ்க்ரூ ஐட்லிங்குக்கு மட்டும்தான், ரோட்டுல மிதிக்கும்போது வேலை செய்யறது மெயின் ஜெட். கோயமுத்தூர்லயே மாசக்கணக்குல ஓடப்போற வண்டின்னா ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட் போட்டு அங்கயே ட்யூன் பண்ணிக்கோங்க, கழட்டின ஜெட்டை ஒரு பேப்பர்ல சுத்தி நம்பர் எழுதி டூல்ஸ் பெட்டியில போட்டு வைங்க.